கல்லறைத் திருநாளில் முந்நூறு பெயர் வாசிப்பது எதற்கு?

அக்டோபர் 28, 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார்கள். போன வருடம் முந்நூறுக்கு மேல். அதில் எனக்கு வேண்டியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பெயரும் வந்துபோன பிறகு மீதிக்கு நான் எதற்கு நிற்க வேண்டும்? கடவுளுக்குத் தெரியாத பெயரா? 'இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும்' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. இறந்தவர்களுக்காக ஜெபிக்க பைபிளில் ஆதாரம்தான் எங்கே?"

அக்டோபர் 28, இரவு

பாதி உங்கள் கட்சிதான் நான். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் பெயர் 'அ'வில் தொடங்கும். பட்டியல் அகர வரிசை என்பதால் முதல் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். வந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவி, கூட்டம் சேர்வதற்குள் கல்லறைக்குப் போய்விடுவேன். இத்தனை வருடமும் இதே வேலைதான்.

ஜ வரிசைக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். அகராதியில் ஜ, ஸ எல்லாம் கடைசி. நம்மவர்களிலோ பாதிப் பேர் ஜோசப், ஜான், ஜெயராணி, ஸ்டெல்லா.

ஆதாரம் பற்றி நாளைக்கு.

அக்டோபர் 29

கத்தோலிக்கர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது 2 மக்கபேயர் நூலின் 12-ஆம் அதிகாரம். யூதப் படைத் தலைவர் யூதா மக்கபே போரில் விழுந்த தன் ஆட்களை அடக்கம் செய்ய வருகிறார். பார்த்தால் ஒவ்வொருவன் உடைக்குள்ளும் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் தாயத்து. யூதச் சட்டப்படி பெரிய தப்பு. இவர்களை இப்படியே விட்டுவிடுவோம் என்று அவர் போகவில்லை. இருக்கிறவர்களிடம் வசூல் செய்து, 2000 திராக்மா வெள்ளியைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். விழுந்தவர்கள் எழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் இதெல்லாம் வீண் வேலை என்று அந்த நூலே சொல்கிறது.

சீர்திருத்த சபையார் இந்த நூலைத் திருமறை வரிசையில் சேர்ப்பதில்லை. அவர்களிடம் பேசும்போது 2 தீமோத்தேயு 1-ஐக் காட்டுவார்கள். பவுலுக்கு உதவிய ஒநேசிப்போருவின் வீட்டாருக்கு இரக்கம் கிடைக்கட்டும் என்று ஒரு வேண்டுதல், ஒநேசிப்போருவுக்கு மட்டும் 'அந்த நாளில்' இரக்கம் கிடைக்கட்டும் என்று தனியாக இன்னொன்று. அவர் அப்போது இறந்துவிட்டிருந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. இதை வைத்து அடித்துப் பேச முடியாது.

எனக்குப் பிடித்த ஆதாரம் வேறு. 387-இல் ரோமுக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில், புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா சாகக் கிடக்கிறாள். சொந்த ஊரில், கணவன் பக்கத்தில் புதைபட வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள். கடைசியில் மகன்களிடம், இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்கிறாள். மகன் அகுஸ்தீன் இதை எழுதி முடிக்கும் இடத்தில், படிப்பவர்களும் பீடத்தருகே மோனிக்காவையும் அவள் கணவன் பத்ரீசியுவையும் நினைக்க வேண்டும் என்று கேட்கிறார். அதாவது முன்பின் தெரியாத நம்மிடம். 'அனைவருக்காகவும்' என்று ஒரு வரியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பெயர் சொல்கிறார்.

அக்டோபர் 30

திருத்தம். 2000 திராக்மா என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுப் பழைய புத்தகத்தில் பன்னிரண்டாயிரம் என்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் சரி. கிரேக்கத்தில் 2000, இலத்தீன் பைபிளான வுல்காத்தாவில் 12,000. மொழி மாறிய வழியில் வசூல் ஆறு மடங்கு ஆகியிருக்கிறது. கோவிலில் பங்குக் கணக்கு எழுதுகிற யாரும் இதைப் படித்துவிட வேண்டாம்.

நவம்பர் 2 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. பிரான்சில் குளூனி மடத்தின் தலைவர் ஒதிலோ 998-இல் தன் மடங்களுக்கெல்லாம் ஓர் உத்தரவு போட்டார். புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு மறுநாள் இறந்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் மணி அடித்து, ஜெபம் சொல்லி, பூசை வைக்க வேண்டும் என்று. குளூனிக்குக் கிளை மடங்கள் நிறைய. அங்கிருந்து பரவியது.

அக்டோபர் 31

998 என்று அவ்வளவு கறாராக எழுதியிருக்கக் கூடாது. வழக்கமாகச் சொல்லும் ஆண்டு அதுதான். 1030 வரை தள்ளி வைக்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஒதிலோ 994 முதல் 1049 வரை தலைவராக இருந்தார் என்பதால் எப்படிப் பார்த்தாலும் அவர் காலம்தான்.

இன்று 31 என்பதால் ஒரு கொசுறு. 1517-இல் ஜெர்மானியத் துறவி லூத்தர் தன் 95 வாதங்களை வெளியிட்டது இதே நாள், புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்தின நாள். இறந்தவர்களின் பெயரால் பலன், அதாவது பாவத் தண்டனையில் தள்ளுபடி, விற்றார்கள் என்பதுதான் அன்றைய சண்டையே. ஆகவே 'இதற்கு ஆதாரம் எங்கே' என்று நீங்கள் கேட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல தேதியில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நவம்பர் 1

விசுவாச அறிக்கையில் ஒரு வரி. சீர்திருத்த சபைகளில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்'. இப்போது கத்தோலிக்கர் சொல்வது 'புனிதர்களுடைய சமூக உறவு'. எங்கள் பாட்டி சொன்னது 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்'. சிறுவயதில் அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் பழைய மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரர். ஐக்கியம், உறவு என்றால் சும்மா கூடி இருப்பது போலவும் படலாம். பிரயோசனம் என்றால் ஒருவரால் இன்னொருவருக்கு நன்மை நடந்தாக வேண்டும்.

மூலத்தில் இருக்கும் இலத்தீன் சொல்லுக்குப் புனிதமான ஆட்கள் என்றும் பொருள், புனிதமான பொருள்கள் என்றும் பொருள். ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறவர்கள் என்று வாசித்தாலும் தப்பில்லை.

அப்புறம், கல்லறையே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இன்று ரோமில் இங்கிலாந்துக் கர்தினால் நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்திருக்கிறார்கள். அவர் 1890-இல் இறந்தார். பர்மிங்காம் அருகே ரெட்னலில் அடக்கம். 2008-இல் உடலை வேறிடத்துக்கு மாற்றத் தோண்டிப் பார்த்தால் உடலே இல்லை. ஈர மண் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகடும், கொஞ்சம் துணிக் குஞ்சமும்தான் மிச்சம். அவருக்கே கல்லறையில் ஆளில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

நவம்பர் 2, காலை

ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கிறது. பழைய நாட்காட்டியாக இருந்தால் நாளைக்குத் தள்ளியிருப்பார்கள். 1969 மாற்றத்துக்குப் பிறகு ஞாயிறு வழிபாட்டையே ஒதுக்கிவிட்டு இது நிற்கிறது. கிளம்புகிறேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பழைய பல் துலக்கி எல்லாம் எடுத்தாயிற்று. பல் துலக்கி எதற்கு என்றால், கல்லில் வெட்டிய எழுத்துக்குள் பாசி பிடிக்கும். துணி உள்ளே போகாது. அப்பா பெயரில் உள்ள சுழிகளைக் குத்திச் சுத்தம் செய்ய அதைவிட நல்ல கருவி இல்லை.

நவம்பர் 2, இரவு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

'அ' தொடங்கியது. அப்பா பெயர் வரவில்லை. அடுத்த பெயர் ஓடிவிட்டது. பதினைந்து நாள் முன்பே படிவத்தை நிரப்பி நானே கொடுத்தேன். விட்டுவிட்டார்களா, இல்லை வேறு எழுத்தில் போட்டுவிட்டார்களா? எரிச்சல். ஆனால் நழுவ முடியவில்லை, எங்காவது வரலாம் இல்லையா? நின்றேன். ஆ, இ, எ, க. வாசித்த பெண்ணுக்குக் குரல் கட்டிக்கொண்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ச வரிசையில் ஒரே குடும்பப் பெயரோடு மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விரலாக மடக்கினார். மூன்று விரல். அதற்குப் பிறகு அவர் கை அப்படியே இருந்தது. ஒரு பெயர் வரும்போது கோவிலின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் சின்ன அசைவு. ஒரு முக்காடு சரியும், ஒரு செருமல் கேட்கும். அடுத்த பெயருக்கு வேறு மூலை. இத்தனை வருடமாக நான் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே இருந்த நேரம் இது.

'ம' வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ, என் பெயர்.

என் பெயரேதான், முதலெழுத்தோடு. அந்த முதலெழுத்தில் வேறு யாரும் பங்கில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு அம்மா "அய்யோ" என்றார். வாசித்த பெண் நிற்கவில்லை. எல்லாப் பெயரும் முடிந்ததும் சபை முழுக்க "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொன்னது. வாய்ப் பழக்கத்தில் நானும் சேர்ந்து சொன்னேன். முடிவில்லாத ஒளி என் மேலும் ஒளிர்வதாக.

நவம்பர் 3

காலையிலிருந்து தொலைபேசி. ஒரு அக்கா, நான் எடுத்ததும் ஒரு நொடி பேசவே இல்லை. பிறகு "இருக்கியா?" என்றார். "இருக்கேன் அக்கா." "அப்ப நான் சொன்ன ஜெபமாலை?" "பத்திரமா வெச்சிருங்க, பின்னாடி தேவைப்படும்" என்றேன்.

நேற்று மாலையே மூன்று பேர் எனக்காகத் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்களாம். திருப்பிக் கேட்க முடியாது.

நவம்பர் 4

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து ஜெபித்தால் இறந்தவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டே, உயிரோடு இருப்பவர் கணக்கில் அது ஏறுமா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். ஏறாது. பொதுவாகப் பலனை ஒருவர் தனக்காக அடையலாம், இறந்தவருக்கு விட்டுக்கொடுக்கலாம், உயிரோடிருக்கும் இன்னொருவருக்கு மாற்ற முடியாது; இந்தக் கல்லறைப் பலனோ இறந்தவருக்கு மட்டும்தான். 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் கூட்டம் சேராமல் இருக்க இந்த எட்டு நாளை நவம்பர் முழுவதற்கும் நீட்டினார்கள். அப்போதும் இந்த விதி மாறவில்லை. நான் காத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 5

பங்கு அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். எழுத்தர் படிவத்தை எடுத்து வைத்தார். இரண்டு பத்தி. 'இறந்தவர் பெயர்', 'கொடுப்பவர் பெயர்'. நடுவில் உள்ள கோடு சரியாக அச்சாகவில்லை. முதல் பத்தியில் என் பெயர். இரண்டாவதில் அப்பா பெயர். கையெழுத்து என்னுடையது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆக, பங்குப் பதிவேட்டின்படி பதினோரு வருடம் முன்பு இறந்த என் அப்பா இந்த வருடம் வந்து எனக்காகப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அடிச்சு மாத்திடவா சார்?" என்றார். சரி என்று சொல்ல வாய் வந்தது. "கீழே புது வரி எழுதிக்குங்க, இதை விட்ருங்க" என்றேன்.

நவம்பர் 6

நேற்றைய இரண்டு பத்தி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் புரட்டினேன். ஆதித் திருச்சபையில் இதற்கென்றே மடிப்புப் பலகை இருந்தது, புத்தகம் போல் திறக்கும். இருப்பவர்கள் பெயர் தனி, இறந்தவர்கள் பெயர் தனி. பூசையில் இரண்டையும் வாசிப்பார்கள். பெயரை எடுத்துவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். கான்ஸ்டாண்டிநோபிள் ஆயராக இருந்த பொன்வாய் யோவான் என்கிற கிறிசோஸ்தோம் 407-இல் நாடு கடத்தப்பட்ட வழியிலேயே இறந்தார். அவர் பெயரைப் பலகையில் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆயர்களுக்குள் வருடக்கணக்காகச் சண்டை. மக்கள் விடவில்லை. கடைசியில் பிற்பாடு அங்கே ஆயரான அத்திக்குஸ் சேர்த்தார். அலெக்சாந்திரியா ஆயர் சிரில் அதையும் எதிர்த்தார். ஒரே ஒரு பெயருக்கு இவ்வளவு. கேள்வி கேட்டவர் கவனிக்க: கடவுளுக்குத் தெரியுமா என்பது அங்கே யாருக்கும் பிரச்சினையாகவே இல்லை. இந்த ஆள் நம்மவர் என்று நாம் வாய்விட்டுச் சொல்கிறோமா என்பதுதான் சண்டை.

இன்னொன்று. கான்ஸ்டன்ஸ் ஏரியில் ரைஹெனாவ் என்ற தீவு மடம். ஏறக்குறைய 824-இல் ஒரு பெயர்ப் புத்தகம் தொடங்கினார்கள். பல மடங்கள் தங்கள் ஆட்களின் பெயரை அனுப்பின, இருப்பவரும் இறந்தவரும். மொத்தம் 38,000 பெயருக்கு மேல். இடம் போதாமல் ஓரத்திலும் இடுக்கிலும் எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் தினம் வாசித்திருக்க முடியாது. புத்தகத்தைப் பீடத்தில் வைத்தாலே எல்லாரையும் வைத்த மாதிரி.

உங்கள் 'ஒரே வரி' யோசனைக்கு இது கொஞ்சம் சாதகம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 38,000 பேரை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

நவம்பர் 10

மூன்று பூசை பற்றி ஒரு கேள்வி. ஆமாம், நவம்பர் 2 அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம். 1915-இல் போருக்கு நடுவே பதினைந்தாம் பெனடிக்ட் எல்லா நாட்டுக் குருக்களுக்கும் இந்த அனுமதியைத் தந்தார். ஒன்று குரு விரும்பிய கருத்துக்கு, ஒன்று இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும், ஒன்று திருத்தந்தையின் கருத்துக்கு. காணிக்கை ஒன்றுக்கு மட்டும்தான் வாங்கலாம். அவ்வளவுதான், இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நவம்பர் 14

இரண்டு மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பட்டியலில் இருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கொடுக்கப்படாத பெயர்?

அப்பாவுக்கு ஒரு தம்பி. 1991-இல் தன் கையாலேயே போய்விட்டார். மணி அடிக்கவில்லை, பூசை இல்லை. விடியும் முன் அடக்கம். பங்கில் யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. மறுத்துவிட்டால் அந்த அவமானம் வேறா என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1917 திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. ஆனால் 1983 சட்டத்தில் அந்த வரி இல்லை. எட்டு வருடம் முன்பே எடுத்துவிட்டார்கள். அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்று மறைக்கல்வி ஏடு வெளிப்படையாகவே சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அப்பா இருந்தவரை படிவத்தில் தன் பெற்றோர் பெயரைத் தவறாமல் எழுதுவார். தம்பி பெயரை எழுதியதில்லை. ஒரு வருடம் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டார். நான் இந்தப் பதினோரு வருடமும் ஒரே பெயர்தான் கொடுத்தேன். நழுவினதைப் பற்றி வேடிக்கையாக எழுதிய ஆளுக்கு இது தோன்றவே இல்லை.

நவம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், பெயர் கொடுக்காவிட்டால் அவருக்கு ஜெபமே போய்ச் சேரவில்லை என்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை. பூசையில் குரு சொல்லும் நான்காம் நற்கருணை மன்றாட்டில், கடவுள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த நம்பிக்கையோடு இறந்தவர்களையும் நினைக்கும்படி ஒரு வரி இருக்கிறது. சித்தப்பா அந்த வரியில் இத்தனை காலமும் இருந்திருப்பார். வெளியே நின்றது நாங்கள்.

நவம்பர் 23

ஜெர்மானிய சீர்திருத்த சபைகளுக்கு இன்றுதான் இறந்தோர் ஞாயிறு, திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறு. 1816-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் ஏற்படுத்தியது. இறந்தவர்கள் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தை அவர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் அந்த வருடம் சபையில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். நிறைய இடங்களில் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி. லூத்தரின் பிள்ளைகளும் 'ஒரே வரி'யை ஏற்கவில்லை என்று கேள்வி கேட்டவருக்குச் சொல்லி வைக்கிறேன்.

நவம்பர் 29, சனி

இறந்தவர்களுக்காக இந்த மாதத்தின் கடைசிப் பூசை. திருநாளுக்குப் பிறகு சேர்ந்த பெயர்களையும் சேர்த்து மறுபடியும் முழுப் பட்டியல் வாசித்தார்கள். வாசித்தது வேறு ஆள், வேகமான வாசிப்பு, இருந்தும் முப்பத்தைந்து நிமிடம். 'அ'வில் அப்பா வந்தார். 'ம'வில் நான் இல்லை. பின்னால் இருந்த அந்த அம்மா இந்தத் தடவை சிரித்தார்.

சித்தப்பா பெயர் ஜ. அதற்கு முன்னால் முந்நூற்றுச் சொச்சம் பேர். காலை மாற்றி மாற்றி நின்றேன். விரல் மடக்கும் பெரியவர் இன்றைக்கும் அதே மூன்று விரல். ஜ வந்து, ஜான்கள் போய், ஜோசப்கள் போய், அந்தப் பெயர் வந்தது. வாசித்தவர் இரண்டாம் எழுத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஸ வரிசையில் ஒன்பது பேர். இருந்து கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எழுத்தர் வாசலில் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடப் படிவத்தில் நடுக்கோட்டைத் தடிமனாகப் போடச் சொல்லியிருக்கிறாராம்.